‘சாவ்தான்’ சொன்னவள் நான்

எனக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியையாக வந்திருக்கும் ரேவதி போன மாதம் போன் செய்தார். விளையாட்டு விழாவில் அணிவகுப்பை இந்த ஆண்டோடு நிறுத்திவிடலாமா என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்ததாம். ஆளுக்கொரு பக்கம் பேசியிருக்கிறார்கள்.

“நீங்க இருபத்தேழு வருஷம் டிரில் எடுத்தவங்க. வேணுமா வேணாமான்னு ஒரு வரி சொல்லுங்க மிஸ். அடுத்த கூட்டத்துல படிச்சிடறன்” என்றார்.

ஒரு வரியில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது. நீளமாகப் போய்விட்டது. கூட்டத்தில் படிப்பதும் படிக்காததும் ரேவதியின் விருப்பம்.

நான் விருதுநகர் பக்கத்துக்காரி. பள்ளியில் நன்றாக ஓடுவேன் என்பதால் உடற்கல்விப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்தப் படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை மைதானம், மதியம் உடற்கூறு வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம். எங்கள் துறை பட்டாளத்திலிருந்து வந்தது என்பதை அங்கேதான் பாடமாகப் படித்தேன். பள்ளிகளில் முதலில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள். அதனால்தான் ஊர்ப்பக்கம் இன்றும் எங்களை டிரில் மாஸ்டர் என்கிறார்கள். விசில், உயரப்படி வரிசை, சுண்ணாம்பு தடவிய கேன்வாஸ் ஷூ, தவறு செய்தால் மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடுவது எல்லாம் அங்கிருந்து வந்தவை. அப்போது எனக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதினேன், ஐந்தும் கிடைத்தது.

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். கணவருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் வேலை. எனக்கு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம்.

முதல் வாரமே ஒரு சங்கடம். ஆறாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி, பயிற்சியில் படித்தபடியே தமிழில், “வலப்பக்கம் திரும்பு!” என்று உரக்கச் சொன்னேன். பிள்ளைகள் மூன்று திசையில் திரும்பினார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பெண் கையைத் தூக்கி, “மிஸ், குடிப் பக்கமா?” என்று கேட்டாள். தெலுங்கில் குடி என்றால் வலது. எனக்கு அது தெரியாது. “குடியா? யாருட்டி அது, காலையிலேயே குடிங்கிறது?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது. எங்கள் ஊர்ப் பேச்சின் ‘ட்டி’க்கும் சேர்த்துத்தான் சிரித்தார்கள் என்று பிறகு புரிந்தது. அந்த வருடம் முழுக்க நான் போகுமிடமெல்லாம் பின்னாலிருந்து, “யாருட்டி அது” என்று ஒரு குரல் வரும்.

அந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் கோவிந்தசாமி சார். எங்கள் பள்ளியின் உடற்கல்வி இயக்குநர், எனக்கு மேலதிகாரி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, திரும்பி வந்து படித்து, இந்த வேலைக்கு வந்தவர். வேப்பனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ், மைதானத்தில் மட்டும் பட்டாளத்து இந்தி.

“டீச்சரம்மா, இந்தப் பசங்கள தமிழ்ல திருப்பினா தெலுங்குக்காரன் முழிப்பான், கன்னடத்துல திருப்பினா உங்க ஊர்க்காரன் முழிப்பான். யாருக்குமே தெரியாத பாஷைல சொல்லுங்க. எல்லாம் ஒண்ணாத் திரும்புவான்” என்றார்.

அப்படித்தான் ஆனது. கால்களைச் சேர்த்து விறைப்பாக நிற்கச் சொல்லும் ‘சாவ்தான்’, கால்களை அகட்டித் தளரச் சொல்லும் ‘விஸ்ராம்’, வலப்புறம் திருப்பும் ‘தாஹினே முட்’, பின்புறம் திருப்பும் ‘பீச்சே முட்’ எல்லாவற்றையும் பிள்ளைகள் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார்கள். ‘பீச்சே முட்’ சொன்னால் திரும்பி நின்று எதிரில் இருப்பவன் தலையில் முட்டுவது என்று பையன்கள் ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தார்கள். அது வேறு. ஆனால் எங்கள் ஊரில் டிரில் இத்தனை காலம் நின்றதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். யாருடைய மொழியும் இல்லை என்பதால் அது எல்லாருடைய மொழியாகவும் இருந்தது.

கோவிந்தசாமி சார் கத்த மாட்டார். அடிக்கவே மாட்டார். ஏழு பத்துக்கு மைதானத்தில் இருப்பார். கையில் ஒரு சின்ன மரக்கட்டை, முக்கோணமாக இழைத்தது. சாவ்தானில் குதிகால்கள் சேர்ந்திருக்க வேண்டும், பாதங்களின் முன்பக்கம் முப்பது டிகிரி விரிந்திருக்க வேண்டும் என்பது ராணுவக் கணக்கு. அந்த முப்பது டிகிரிதான் கட்டை. குனிந்து, பிள்ளையின் இரு பாதங்களுக்கு நடுவே அதை வைத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் ஒட்டினால் தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவார். ஒட்டாவிட்டால் கட்டையை எடுக்காமல் நிமிர்ந்து பார்ப்பார். பிள்ளை தானாகக் காலைச் சரிசெய்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் கட்டையை எடுப்பார். நாற்பது பிள்ளைகளுக்கும் இப்படி. ஒருநாளும் நடுவில் விட்டதில்லை.

முழங்காலைப் பின்பக்கமிருந்து சுண்டு விரலால் தட்டிப் பார்ப்பார். மடங்கினால், “டைட்” என்பார். ஒரே சொல். கடைசியாக, “ஹிலோ மத்.” அசையாதே என்று அர்த்தம். அதைச் சொன்ன பிறகு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் ஓட்டக் கூடாது. விஸ்ராம் வரும்வரை அப்படியே.

அவரைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் ரிங் டென்னிஸ், மிஞ்சினால் கோகோ. அவர்தான் கர்நாடக எல்லையிலிருக்கும் ஜூஜுவாடியில் லாரி டயர் கடைகளில் பழைய டயர்களைக் கேட்டு வாங்கிவந்து, மைதானத்தின் ஓரத்தில் பட்டாளத்துத் தடை ஓட்டப் பாதை ஒன்றைப் போட்டார். டயருக்குள் நுழைவது, சுவரேறிக் குதிப்பது, புளியமரத்துக் கயிற்றில் ஏறுவது. “பொண்ணுங்களும் ஏறணும்” என்றார். ஒரு பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார்.

“பொட்டப்புள்ளய கொரங்காட்டம் மரத்துல ஏத்தறீங்களே, நாளைக்கு எவன் கட்டுவான்?”

“ஏறத் தெரிஞ்சவன் கட்டுவான்” என்றார் கோவிந்தசாமி சார், விசிலை வாயிலிருந்து எடுக்காமலே. அந்தப் பெண் பிறகு போலீசில் சேர்ந்தாள்.

விளையாட்டு விழாவுக்கு டி-ஷர்ட் வாங்கிக்கொடுக்கும் கம்பெனியிலிருந்து மனிதவளத் துறைக்காரர் ஒருவர் வருவார். ஒவ்வொரு வருடமும் அதையே சொல்வார்: “உங்க ஸ்கூல் பசங்கள எடுத்தா எங்களுக்கு டிரெய்னிங் மிச்சம் மேடம். லைன்ல நில்லுன்னா நிக்கறாங்க.” கம்பெனிகளில் ஷிப்டுக்கு முன்னால் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி உடற்பயிற்சி செய்யவைப்பார்கள். என் கணவரும் அப்படித்தான் தினமும் கையைத் தூக்கி இறக்கிவிட்டு மெஷினுக்குப் போனார். பட்டாளத்திலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து கம்பெனிக்கு. அப்போது அந்தப் பாராட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இனி, மயங்கி விழுவது பற்றி.

காலை வழிபாட்டிலும் ஒத்திகையிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் விழும். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. பின்வரிசையில் இரண்டு பெரிய பெண்கள் தயாராக நிற்பார்கள். விழுந்த பிள்ளையை நிழலுக்குத் தூக்கிப்போவது, ஷூவைக் கழற்றுவது, தண்ணீர் தெளிப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது. கண் விழித்ததும் நான் குனிந்து, “காலையில சாப்பிட்டியா?” என்று கேட்பேன். பிள்ளை, “இல்ல மிஸ்” என்று சொல்லும். விபத்துப் பதிவேட்டை எடுத்து, பெயர், வகுப்பு, நேரம் எழுதி, ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘காலை உணவு உட்கொள்ளாமை’ என்று எழுதுவேன். கோவிந்தசாமி சார் கையெழுத்துப் போடுவார். முடிந்தது.

ஓசூர் வெயிலில் யாரும் விழ மாட்டார்கள். பாதி நாள் ஸ்வெட்டர் போடும் ஊர். அதனால் வெயிலைச் சொல்ல முடியாது. சாப்பாட்டைத்தான் சொல்ல முடியும். உண்மையிலேயே சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் இருந்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் நஸ்ரின் என்றொரு பெண், குந்தாரப்பள்ளிச் சந்தையில் வியாபாரம் செய்பவரின் மகள், ஒருமுறை விழுந்து எழுந்து, “சாப்ட்டேன் மிஸ். நேத்துக் கல்யாண பிரியாணி. ரெண்டு தட்டு” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “பொய் சொல்லாதட்டி” என்றேன் நான். பதிவேட்டில் வழக்கமான வரியையே எழுதினேன்.

என் மகள் தாரணி அதே பள்ளியில் படித்தாள். பள்ளிக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவளும் அப்படியே இருந்தாள். ‘மிஸ் பொண்ணு’ என்ற பெயர் அவளுக்கு ஒரு பாரம் என்பது எனக்குத் தெரியும். மற்ற பிள்ளை அசைந்தால் அது அசைவு. அவள் அசைந்தால், “மிஸ் பொண்ணே ஆடுது பாருடா” என்பார்கள். அதனால் அவள் அசையவே மாட்டாள். ஒன்பதாம் வகுப்பில் அவளைக் கொடி பிடிப்பவளாக முன்வரிசையில் நிறுத்தினேன். வேண்டியவள் என்பதற்காக இல்லை. அவளைப் போல நிற்க வேறு யாருக்கும் வரவில்லை.

அது நான்கு ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாத விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினர் பெங்களூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். எல்லையில் வண்டி நெரிசல். பத்து மணி விழா பத்தரை ஆகியும் தொடங்கவில்லை. தலைமையாசிரியை மேடையிலிருந்து போனில் பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று மைக்கில், “வந்துட்டாங்க! வந்துட்டாங்க!” என்றார். பிறகுதான் தெரிந்தது, போனில் அவருக்குச் சொல்லப்பட்டது, “ஜூஜுவாடி வந்துட்டாங்க” என்று. ஜூஜுவாடி வந்தால் நெரிசலில் பள்ளிக்கு வர இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்குக் கேட்டது வந்துட்டாங்க மட்டும்.

“பரேட், சாவ்தான்!” என்றேன். அறுபத்து நான்கு ஜோடிக் கால்கள் ஒரே சத்தமாகச் சேர்ந்தன. “ஹிலோ மத்!”

அதே நேரம் கொடிக்கம்பத்தின் கீழிருந்து கோவிந்தசாமி சார் கையசைத்தார். கயிறு சிக்கியிருந்தது. கொடியேற்றும்போது அவிழாமல் போனால் பள்ளியின் மானம் போகும். நான் ஓடினேன். இரண்டு பேரும் முடிச்சை அவிழ்த்து, கொடியை மறுபடி மடித்து, பூவிதழ் வைத்து, கட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, மறுபடி கட்டினோம். தலைமையாசிரியை கூப்பிட்டுச் சால்வைத் தட்டு எங்கே என்று கேட்டார். அதைத் தேடிப் போனேன்.

விஸ்ராம் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஒரு பெற்றோர் எடுத்த செல்போன் வீடியோவை வைத்துப் பிறகு கணக்குப் பார்த்தார்கள். பதினான்கு நிமிடங்கள். அந்த வீடியோவில் பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் யாரோ, “என்னா டிசிப்ளின் பாரு” என்று சொல்வதும் கேட்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் தாரணி விழுகிறாள். மடிந்து விழவில்லை. விறைப்பாக நின்றபடியே, பலகை சாய்வது போல, முகம் முன்னால் வர விழுகிறாள். கொடிக்கம்பை விடவில்லை. கையைத் தரையில் ஊன்றவில்லை. ஓட்டப் பாதையின் சிமென்ட் விளிம்பில் தாடை மோதியது.

நான் சால்வைத் தட்டோடு வந்துகொண்டிருந்தேன். வரிசையில் ஒரு இடைவெளி தெரிந்தது. அதற்கு அப்புறமும் மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நேராகப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். வாயெல்லாம் ரத்தம். முன்பல் இரண்டு என் உள்ளங்கையில் விழுந்தன. கூட்டம் கூடியது. யாரோ ஒரு ஆசிரியை, “காலையில சாப்பிட்டாளா?” என்று கேட்டார். நான் கேட்டு வந்த கேள்வி, அதே குரலில்.

அன்று காலை நான்தான் தோசை சுட்டேன். மூன்று தோசை, வேர்க்கடலைச் சட்னி. இரண்டு போதும் என்றவளை, “கொடி பிடிக்கணும், ஒழுங்காச் சாப்பிட்டுட்டுப் போ” என்று அதட்டி மூன்றாவதை நான்தான் தட்டில் போட்டேன்.

மருத்துவமனையில் தாடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். மேல் பல்வரிசையையும் கீழ்ப் பல்வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஐந்து வாரம் வாயைத் திறக்க முடியாது. ராகிக் கஞ்சியை வடிகட்டி உறிஞ்சுகுழலில் குடிக்க வேண்டும். “மறுபடி நேரா சேருமா டாக்டர்?” என்று கேட்டேன். “சேரும். முன்ன மாதிரியேன்னு சொல்ல மாட்டேன்” என்றார். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவர் கேட்டார். சொன்னேன். முழங்காலை இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்குப் போதுமானது ஏறாது, வயிறு நிறைந்திருந்தாலும் விழத்தான் செய்வார்கள் என்றார். நான் உடற்கூறு படித்தவள். அந்தப் பாடத்திலும் நல்ல மதிப்பெண்தான்.

மறுநாள் மாலை கோவிந்தசாமி சார் மருத்துவமனைக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். வாய் கட்டியிருக்கிறது என்பது பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பையை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு கக்கத்திலிருந்து பதிவேட்டை எடுத்தார்.

“டீச்சரம்மா, மேல அனுப்பணும். உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்.”

காரணம் என்ற கட்டத்தில் அவரே எழுதியிருந்தார். காலை உணவு உட்கொள்ளாமை.

“சார்…”

“எனக்குத் தெரியும். ஆனா வேற எழுதினா என்கொயரி வரும். சாவ்தான் யார் சொன்னதும்பாங்க. நீங்க தாயி. உங்க பொண்ணு. யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான் உண்மை. புகார் கொடுக்க வேண்டிய பெற்றோரும் நான், புகாருக்கு ஆளாக வேண்டிய ஆசிரியையும் நான். கையெழுத்துப் போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தாரணி கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். அவர் போனதும் கையை நீட்டினாள். பேச முடியாததால் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தோம். எழுதிக் காட்டினாள்.

‘மூணு தோசை சாப்ட்டேன்.’

நான் அந்த நோட்டைப் பார்த்தபடி இருந்தேன். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும். வாயில் வந்ததோ வேறு. “தலை சுத்துச்சுல்ல? கண்ணு இருட்டியிருக்கும்ல? ஏன்மா உக்காரல? உக்காந்திருக்கலாம்ல?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேள்வியே புரியாதவள் போல. நோட்டை வாங்கி எழுதினாள்.

‘நீ விஸ்ராம் சொல்லல.’

குற்றமாகச் சொல்லவில்லை. காரணமாகத்தான் எழுதியிருந்தாள். பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்ன வரி.

அடுத்த நாள் கணவரை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பதிவேடு இன்னும் அனுப்பப்படவில்லை. கோவிந்தசாமி சார் மேசையில் இருந்தது. சிவப்பு மையால் அந்த வரியின் மேல் ஒரு கோடு அடித்தேன். அடித்தது தெரிய வேண்டும், அழிக்கக் கூடாது என்பது முறை. மேலே எழுதினேன்: ‘அணியைச் சாவ்தானில் நிறுத்திவிட்டு விஸ்ராம் சொல்லாமல் நான் சென்றுவிட்டேன். பதினான்கு நிமிடங்கள்.’ பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.

அவர் எழுந்து நின்று பார்த்தார்.

“அடிச்சு எழுதினா கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டும் சார்.”

“உங்கள கொடிக்கம்பத்துக்குக் கூப்பிட்டது நான். இதுல என் பேரும் வரும். மே மாசம் எனக்கு ரிட்டயர்மெண்ட்.”

“தெரியும் சார். உங்க பேர நான் எழுதல.”

என் வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு தன் பேனாவை எடுத்தார். என் வரிக்குக் கீழே, ‘ஆசிரியையை அணியிலிருந்து அழைத்தது நான்’ என்று எழுதி, பதவியோடு முழுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். அந்த நேரம் அவருக்கு ஏழாம் வகுப்பு.

இருவருக்கும் மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தோம். கண்டனத்தோடு முடித்தார்கள். அவர் மே மாதம் ஓய்வு பெற்று வேப்பனப்பள்ளிக்குப் போனார், மாந்தோப்புக்கு.

நான் மேற்கொண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆனால் சாவ்தான் சொன்ன மறு நொடியே விஸ்ராம் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் காலைச் சேர்க்கும் முன்பே அகட்ட வேண்டியிருக்கும். “மிஸ்ஸுக்கு அவசரம்டா, பாத்ரூம் போகணும்” என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். சிரிப்புத்தான். ஆனால் வரிசையில் யார் கண் இமைத்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விளையாட்டு வகுப்பிலும் ஓடுகிற பிள்ளையை விட்டுவிட்டு நிற்கிற பிள்ளையைப் பார்க்கத் தொடங்கினேன். அப்படி ஒருவர் இந்த வேலையில் இருக்கக் கூடாது. போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன்.

தாரணிக்குத் தாடை சேர்ந்தது. பேசும்போது வாய் லேசாக இடப்பக்கம் இழுக்கும். முன்பல் இரண்டும் கட்டியவை. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சேர்ந்த முதல் வாரமே என்.சி.சி.யில் பெயர் கொடுத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். படிப்பு முடித்துப் பட்டாளத்துக்குப் போக வேண்டுமாம். “வேற எதுலயாவது சேருட்டி” என்றேன். “எதுலம்மா? ரங்கோலி கிளப்புலயா?” என்றாள். அவள் முகாமுக்குப் போன பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அணிவகுப்பு நேரத்தை அவளிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் வீட்டில் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருப்பேன். இப்போதும் அப்படித்தான்.

முகாமிலிருந்து திரும்பி வந்தவள் துணிப்பையைப் போட்டதும் சொன்ன முதல் விஷயம் இது.

“அம்மா, உனக்கு ஒண்ணு தெரியுமா? மொத நாளே ஒரு ஹவில்தார் சொன்னாரு. சாவ்தான்ல நிக்கும்போது ஷூக்குள்ள கால் விரல மடக்கி மடக்கி நீட்டிட்டே இருக்கணுமாம். முட்டிய இறுக்கக் கூடாதாம், இறுக்குன மாதிரி காட்டணுமாம். வெளிய பாக்கறவனுக்குத் தெரியாது. ரத்தம் மேல ஏறிட்டே இருக்கும். முக்கால் மணி நேரம் நின்னன். ஒண்ணுமே ஆகல.”

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே கோவிந்தசாமி சாருக்குப் போன் செய்தேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

“சார், சாவ்தான்ல ஷூக்குள்ள விரல ஆட்டணும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அதா? அது எல்லாருக்கும் தெரியுமேம்மா. ரெக்ரூட்டா போனா பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கறவன் மொத நாளே சொல்லிடுவான்.”

“எங்களுக்கு யாருமே சொல்லலயே சார். நீங்களும் சொல்லல.”

தோப்பில் யாரோ கிளி ஓட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“புக்ல இல்லயேம்மா அது” என்றார் கடைசியில். “நான் புக்ல இருக்கறத மட்டும்தான் சொல்லிக்குடுத்தன்.”

ரேவதிக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பட்டாளத்திடமிருந்து நாம் கட்டளைகளை வாங்கினோம். கட்டளைக்குக் கீழே உயிரோடு இருப்பதற்கு அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதை வாங்கவில்லை. அது புத்தகத்தில் இல்லை என்பதால் நம் வரைக்கும் வரவில்லை. அணிவகுப்பு வேண்டுமா வேண்டாமா என்பதைக் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். மூன்று மொழிப் பிள்ளைகள் ஒன்றாகக் காலெடுத்து வைப்பது எனக்கு இன்றும் பிடிக்கும். வைப்பதானால், முதல் நாளே பிள்ளைகளைச் செருப்பில்லாமல் மண்ணில் நிறுத்தி, விரல்களை ஆட்டச் சொல்லிக்கொடுங்கள். தலை சுற்றினால் யாரையும் கேட்காமல் உட்காரலாம் என்று சொல்லுங்கள். உட்கார்ந்தவளைப் பார்த்துச் சிரிப்பவனை மட்டும் மூன்று சுற்று ஓடவிடுங்கள். சாவ்தான் சொன்னவர் விஸ்ராம் சொல்லாமல் ஓரடிகூட நகரக் கூடாது, கொடி சிக்கினாலும் சரி. விழுந்த பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு நேரம் நிறுத்தினேன் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நஸ்ரின் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தாரணி பின்னால் நின்று படித்தாள்.

“எல்லாம் எழுதற, உனக்கு ஆட்ட வருமா? எங்க, நில்லு பாக்கலாம்” என்றாள்.

எழுந்து கூடத்தில் வெறுங்காலோடு நின்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, “சாவ்தான்” என்றாள். என் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. முழங்கால் இறுகியது.

“விரலு அசையவே இல்லயேம்மா.”

அசைக்கத்தான் பார்த்தேன். பத்து விரலும் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவள் குனிந்து உட்கார்ந்து, என் கட்டைவிரலைத் தன் விரலால் நிமிர்த்தினாள். விட்டாள். மறுபடி நிமிர்த்தினாள். “விடும்மா, இறுக்காத” என்றாள். கொஞ்ச நேரத்தில் வலது கால் விரல்கள் மெல்ல அசைந்தன. பிறகு இடது கால்.

அவள் எழுந்து என் எதிரில் நின்றாள்.

“விஸ்ராம்” என்றாள். “பாத்தியா, நான் மறக்கல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்களை அகட்டி நின்றேன்.